இட்லிப்பூவுக்கு எப்படி வந்தது?

செப்டம்பர் மாதத்து மும்பை வானத்தை நம்பி யாரும் கொடியில் துணி உலர்த்துவதில்லை. அந்த வானத்தை நம்பித்தான் அவர் காலையிலேயே செம்பூரில் பஸ் ஏறுகிறார். தோளில் ஒரு பை. பைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கேமரா, வெள்ளைக் கைக்குட்டை இரண்டு, மனைவி பொட்டலம் கட்டிக் கொடுத்த இட்லி. கையில் குடை. சயானில் இறங்கி பாந்த்ரா போகும் லிங்க் ரோடில் வேறு பஸ் பிடித்தால், தாராவியின் ஓரத்தில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா வந்துவிடும். வயது 70ஐத் தொட்டுவிட்டது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த முறை கூடவே ஒரு பையன், தம்பியின் பேரன். 12 வயது. தாராவிப் பிள்ளை. கையில் அப்பாவின் மொபைல்.

பூங்காவுக்குள் நுழைந்தபோது வெயில் பளீரென்று அடித்தது. மஞ்சள் நிற எமிக்ரன்ட் பட்டாம்பூச்சிகள் கொன்றை மரத்தைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்றாவது ஓரிடத்தில் உட்கார வேண்டுமே! பையன் 15 நிமிடம் மொபைலைத் தூக்கிக்கொண்டு துரத்தியதில் கிடைத்ததெல்லாம் இலை, வானம், மறுபடி இலை. அதற்குள் மிட்டி ஆற்றுப் பக்கமிருந்து மேகம் கருத்துக்கொண்டு வந்தது. முதலில் வெயிலோடு மழை. காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று அவர் சொல்ல, பையன் சிரித்தான். அப்புறம் வெயில் போய் மழை மட்டும் நின்றது.

குடைக்குள் ஒண்டியபடி நின்றபோதுதான் பையன் அதைப் பார்த்தான். இடுப்பு உயரப் புதரில், ஓர் இலையின் அடியில், இறக்கைகளை மூடித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு காமன் மார்மன். பெண். கறுத்த பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டும் ஓரமாகச் சிவப்புப் புள்ளிகளும். இலை பாதி மறைத்தது.

"தாத்தா, இலையைக் கொஞ்சம் திருப்பினாப் போதும். நல்லாத் தெரியும்."

"தொடாத."

"ஏன்? அதான் பறக்கலையே?"

அவர் பதில் சொல்லவில்லை. இதே கேள்வியைத் திருப்பிப் போட்டு 1996 ஜூலையில் மாட்டுங்காவில் ஒருவர் அவரிடம் கேட்டிருக்கிறார். அதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

*

பட்டாம்பூச்சியைப் படமெடுப்பவர்களுக்கு வெயில் எதிரி என்றால் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். வெயில்தானே அவற்றை வெளியே கொண்டுவருகிறது? கொண்டுவருகிறது, உடனே பறக்கவும் வைத்துவிடுகிறது. பட்டாம்பூச்சிக்கு உள்ளுக்குள் அடுப்பு கிடையாது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வெளியிலிருந்து கடன் வாங்கவேண்டும். மார்புத் தசைகள் சுமார் 30 டிகிரிக்குச் சூடேறினால்தான் பல வகைகளுக்கு ஒழுங்காகப் பறக்க வருகிறது. அதற்காகத்தான் காலையில் இறக்கையை விரித்து வெயில் காய்கின்றன. சில வகைகள் இறக்கையை மூடி, பக்கவாட்டில் சாய்ந்து காய்கின்றன. மேகம் மறைத்ததும் சில நிமிடங்களில் உடம்பு ஆறிவிடும். கிடைத்த இலையில் இறங்கி அப்படியே உட்கார்ந்துகொள்ளும். மழை வந்தால் இலைக்கு அடியில்.

மழைத்துளி என்றால் மனிதருக்கு ஒன்றுமில்லை. இந்த உயிருக்கு அது வானத்திலிருந்து விழும் மூட்டை. இறக்கையின் மேல் இருக்கும் நுண்ணிய மேடுகள் விழுகிற துளியைக் குத்திச் சிதறடித்து, ஈரமும் குளிரும் தங்காமல் செய்கின்றன என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் அதிவேகக் கேமரா வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் கொட்டுகிற மழையில் எந்தப் பட்டாம்பூச்சியும் அந்தச் சோதனையில் இறங்குவதில்லை. ஒதுங்கிக்கொள்கிறது.

ஆக, வெயிலில் அதைப் பார்க்கலாம், படமெடுக்க முடியாது. மேகத்தில் படமெடுக்கலாம், ஆனால் வெளிச்சம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே, மேகம் வந்து பூச்சி உட்கார்ந்து, வெளிச்சம் இன்னும் முழுதாகச் செத்துப்போகாத அந்த ஐந்து நிமிடம்தான் கேமராக்காரனின் பிழைப்பு. மும்பையில் ஜூன் 11 வாக்கில் மழை வருகிறது, அக்டோபர் 8 வாக்கில் விடைபெறுகிறது என்பது வானிலைத் துறையின் கணக்கு. இடைப்பட்ட நாலு மாதத்தில் இப்படிப்பட்ட ஐந்து நிமிடங்கள் எத்தனை என்று அந்தத் துறை கணக்கெடுப்பதில்லை. அவர் எடுக்கிறார். ஒரு ரயில்வே டைரியில்.

கணக்கு வேறொன்றும் உண்டு. நல்ல வெயிலில் 100 வேகமுள்ள ஃபிலிமுக்கு அபர்ச்சர் 16, ஷட்டர் நூறில் ஒரு விநாடி போதும் என்பது பழைய ஃபோட்டோகாரர்களுக்கு மனப்பாடம். கனத்த மேகமூட்டத்தில் அதே ஷட்டருக்கு அபர்ச்சரை நாலுக்குத் திறக்கவேண்டும். அவ்வளவு திறந்தால் பூச்சியின் கண் தெளிவாக இருக்கும், இறக்கை நுனி புகையாகிவிடும். இறக்கை முழுவதும் தெளிவாக வேண்டும் என்று பதினொன்றுக்கு மூடினால், ஷட்டர் பத்தில் ஒரு விநாடி அளவுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் கை ஆடாமல் இருக்கலாம், செடி ஆடாமல் இருக்குமா? அரபிக் கடல் காற்று யாரையும் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை. ஃபிளாஷ் போட்டால் பூச்சி விழும், பின்னணி நள்ளிரவாகிவிடும். ஃபிளாஷின் மேல் வெள்ளைக் கைக்குட்டையைச் சுற்றி வெளிச்சத்தை மென்மையாக்குவது அவர் கண்ட வழி. அதனால்தான் பையில் இரண்டு கைக்குட்டை. மூன்றாவது முகம் துடைக்க. அது எப்போதும் வீட்டிலேயே மறந்துபோகும்.

மழைக்காலம் படத்தை மட்டுமல்ல, கேமராவையே தின்றுவிடும். லென்ஸுக்குள் பூஞ்சை படரும். முதலில் ஒரு முடி இழை போல, பிறகு சிலந்தி வலை போல. 1990களில் அவர் வீட்டு மர அலமாரியில் ஒரு தட்டு முழுக்கக் கேமராவுக்கே. உள்ளே 15 வாட் பல்பு இரவும் பகலும் எரியும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒரு முறை வாணலியில் வறுத்து எடுப்பார். "எனக்கு அப்பளம் நமுத்துப் போகுது, உங்க லென்ஸுக்கு மட்டும் ஹீட்டரா?" என்று மனைவி கேட்டதன் பேரில் அப்பள டப்பாவும் அதே தட்டில் இடம்பிடித்தது.

*

அவர் பிறந்தது தாராவியில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே வரத்தொடங்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த வாசனைதான் அவருக்கு அப்பாவின் வாசனை. இன்று பூங்கா இருக்கும் இடம் அப்போது மும்பையின் குப்பைமேடு. பையன்கள் அங்கே இரும்பும் பாட்டிலும் பொறுக்கப் போவார்கள். அவரும் போயிருக்கிறார். காகம், பருந்து, ஈ இவைதான் அங்கே பறந்தன. பட்டாம்பூச்சி பார்த்ததாக நினைவில்லை.

1977 வாக்கில் குப்பை கொட்டுவது நின்றது. உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளையைச் சேர்ந்தவர்கள் அங்கே காடு வளர்க்கலாம் என்று யோசனை சொன்னபோது சிரித்தவர்களே அதிகம். குப்பைக்கு மேல் மண் பரப்பி, 1983ல் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் கையால் கன்று நட்டு ஆரம்பித்தார்கள். 1994 ஏப்ரல் 22ல் பூங்கா திறக்கப்பட்டது. சுமார் 15 ஹெக்டேர். ஒரு பக்கம் மிட்டி ஆறும் அலையாத்தி மரங்களும், மறுபக்கம் தாராவி. சுமார் 80 வகைப் பட்டாம்பூச்சிகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. பூவைத் தேடி வந்தவை மட்டுமல்ல அவை. புழுவுக்கு வேண்டிய இலை இருந்தால்தான் பட்டாம்பூச்சி குடியிருக்கும். தேனுக்குப் பத்துப் பூ உண்டு, முட்டைக்கு ஓரிரு செடிதான். எருக்கு இருந்தால் ப்ளெய்ன் டைகர் வரும். கொன்றை இருந்தால் எமிக்ரன்ட். ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்துக் கொடி இருந்தால் காமன் ரோஸ். எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால் மார்மன்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் பூங்காவும் போய்விடும் என்ற பேச்சு கிளம்பி வழக்கும் நடந்தது. பூங்கா திட்டத்தில் சேராது என்று 2023ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அவர் அந்தச் செய்தியைக் கத்தரித்து டைரியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

செம்பூருக்கு அவர் குடிவந்தது கல்யாணத்துக்குப் பிறகு. அந்தக் காலத்தில் உரத் தொழிற்சாலையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் விட்ட புகைக்குச் செம்பூரை 'கேஸ் சேம்பர்' என்று கேலி பேசுவார்கள். அந்தப் புகையிலும் இரண்டாவது மாடி பால்கனியில் வளர்ந்தது ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிவந்த கன்று. மனைவியின் சொத்து. அதில் ஒரு மழைக்காலத்தில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனபோது அது நகர்ந்தது.

மார்மன் புழுவின் முதல் வேஷம் அது. எச்சத்தை எந்தக் குருவியும் தின்னாது அல்லவா? வளர்ந்ததும் பச்சைக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பட்டாம்பூச்சியான பிறகும் வேஷம் தீராது. பெண் மார்மன்களில் சில ஆணைப் போலவே இருக்கும். சில காமன் ரோஸ் போல. இன்னும் சில க்ரிம்ஸன் ரோஸ் போல. ரோஸ் வகைகளின் உடம்பில் விஷம் உண்டு, பறவைகள் ஒரு முறை கடித்துப் பார்த்து அப்புறம் தொடாது. விஷமில்லாத மார்மன் அந்தச் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்கிறது. ஒரே ஒரு மரபணுதான் இந்தச் சட்டைகளைத் தீர்மானிக்கிறது என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2014ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மார்மனின் பெரிய உறவான ப்ளூ மார்மனைத்தான் மகாராஷ்டிரம் 2015ல் மாநிலப் பட்டாம்பூச்சி ஆக்கியது. மாநிலத்துக்கென்று ஒரு பட்டாம்பூச்சியை அறிவித்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

1996ல் இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், தொட்டியில் ஒரு கூடு தொங்குகிறது, கறுத்துவருகிறது, நாளையோ மறுநாளோ வெடிக்கும் என்பதுதான். மனைவி அந்தக் கிளையை 20 நாளாகத் தொடவில்லை. சாம்பாருக்குக் கறிவேப்பிலை பக்கத்து வீட்டில் கடன்.

*

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடியலிலிருந்தே மப்பு. எழுந்துவந்து பார்த்தபோது அது வெளியே வந்து, கூட்டின் ஓட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாகப் பிறந்த பட்டாம்பூச்சியின் இறக்கை நனைந்த காகிதம் போலச் சுருங்கியிருக்கும். உடம்பிலிருந்து நீரை நரம்புகளுக்குள் ஏற்றி விரிக்கவேண்டும். விரிந்தபின் தொங்கியபடியே உலர்த்தவேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஈரக்காற்றில் அதற்கும் மேல். அதுவரை பறக்க முடியாது. யார் வந்தாலும் ஓட முடியாது.

கேமராவில் 36 படச்சுருள், மிச்சம் எட்டு. பால்கனியில் வெளிச்சம் இல்லை. பின்னணியில் கம்பி, கொடியில் காயாத துண்டு, எதிர்வீட்டு டிவி ஆன்டெனா. 29ம் 30ம் எடுத்தார். சரியாக வராது என்று எடுக்கும்போதே தெரிந்தது.

அப்போது மேகம் விலகியது. கீழே, குடியிருப்பின் சின்னத் தோட்டத்தில், மழையில் கழுவிய இட்லிப்பூப் புதர் மேல் வெயில் விழுந்தது. சிவப்புக் கொத்துக்கள். பின்னால் இருண்ட மதில்.

விரலை நீட்டினார். அது ஏறிக்கொண்டது. "ஏறிக்கொண்டது" என்றுதான் பல வருஷம் சொல்லிவந்தார். பற்றிக்கொள்ள வேறு எதுவும் இல்லாதபடி விரலை முன்னால் வைத்தால் அது வேறென்ன செய்யும்? மாடிப்படி இறங்கி, பூக்கொத்தின் மேல் விட்டார். வெயில் பட்டதும் இறக்கையை முழுதாக விரித்தது. 31 முதல் 36 வரை. ஆறு படம். வாழ்க்கையில் அப்படி ஒரு வெளிச்சம் கிடைத்ததில்லை. சுருள் முடிந்தது. புதுச் சுருள் எடுக்க மாடிக்கு ஓடினார். மூன்று நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது புதரின் மேல் தலை சிவந்த ஓணான் ஒன்று இருந்தது. அதுவும் வெயில் காயத்தான் வந்திருந்தது. ரோஸ் போட்ட சட்டை பறவைகளை வேண்டுமானால் ஏமாற்றியிருக்கும். மண்ணில் இரண்டு இறக்கைகள், சிவப்புப் புள்ளி மேலே தெரிய.

மேலே போய் மனைவியிடம் சொன்னார். அவர் காலித் தொட்டியைப் பார்த்தார். "புழுவுக்குக் கறிவேப்பிலை குடுத்தது நான். ஓணானுக்குக் குடுத்தது நீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சுருளை மாட்டுங்காவில் வழக்கமான ஸ்டூடியோவில் கொடுத்தார். கடைக்காரர் தமிழர், வயதானவர். கல்யாண ஆல்பங்களுக்கு நடுவே இவர் கொண்டுவரும் பூச்சிப் படங்களை ஆசையாகக் கழுவித் தருபவர். நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் நீளமாகப் பரப்பி, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துவந்தார். 36ல் நிறுத்தி, "பிரமாதம் சார்" என்றார். பிறகு இரண்டு துண்டு பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

"30ல கறிவேப்பிலைல இருக்கு. 31ல இட்லிப்பூ. இறக்கை இன்னும் ஈரமாத்தானே இருக்கு? இட்லிப்பூவுக்கு எப்படி வந்தது சார்? பறந்தா?"

அவர் மணியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, 34ஐப் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள் என்றார்.

அந்த 34 ஒரு புகைப்படப் போட்டிக்குப் போனது. படிவத்தில் ஒரு கட்டம்: படம் எடுக்கப்பட்ட சூழல். 'செம்பூர், இயல்பான சூழலில்' என்று எழுதினார். பரிசு கிடைத்தது. சான்றிதழும் ஒரு சுவர்க் கடிகாரமும். கடிகாரம் இன்றும் கூடத்தில் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. படத்தை மட்டும் அந்த மழைக்காலம் முடிவதற்குள் சுவரிலிருந்து கழற்றி அலமாரியில் அப்பள டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஏன் கழற்றினார் என்று மனைவி கேட்கவில்லை. பரிசைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

இது பெரிய குற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பூச்சியை அன்று இல்லாவிட்டால் மறுநாள் ஏதாவது தின்றிருக்கும். பட்டாம்பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரூட்டி, மரத்துப்போனதும் பூவில் உட்காரவைத்து 'இயற்கையில்' எடுப்பவர்கள் இருக்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியில் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படம் ஒன்று, அது பாடம் செய்து வைத்த விலங்காகவே இருக்கவேண்டும் என்ற முடிவோடு 2018ல் நீக்கப்பட்டது. அவற்றோடு பார்த்தால் செம்பூர்க்காரர் செய்தது ஒரு மாடி இறக்கம். ஆனால் ஃபிரிட்ஜ் செய்வதைத்தான் மழையும் செய்கிறது என்பது அவருக்கு அன்று உறைத்தது. மேகம் மூடும்போது கிடைக்கும் அந்த அருமையான ஐந்து நிமிடம் அசையாமல் இருக்கும் பூச்சி அவருக்காக உட்கார்ந்திருக்கவில்லை, எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. பொறுமை என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டதில் பாதி, எதிராளிக்கு ஓட முடியாத நேரம் பார்த்துப் போவதுதான்.

அதற்காகப் படமெடுப்பதை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். அவர் செய்தது டைரியில் ஒரு பத்தி கூட்டியதுதான். தேதி, நேரம், இடம், மேகம் எப்படி, காற்று எப்படி. கடைசியில் ஒரு சொல்: 'தொட்டது' அல்லது 'தொடாதது'. முதல் சில வருடங்களில் 'தொட்டது' அங்கங்கே உண்டு. முள்ளை விலக்கியது, குறுக்கே வந்த புல்லை ஒடித்தது, ஒரு முறை வலையில் சிக்கியதை எடுத்துவிட்டது. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி மிட்டி ஆறு ஊருக்குள் வந்ததே, அதற்குப் பிறகு இரண்டு மாதம் டைரி காலி. அப்புறம் பக்கம் பக்கமாக 'தொடாதது'.

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்ததில் அவருக்குச் சௌகரியம் நிறைய. 100ஐ வைத்துக்கொண்டு அல்லாடியவர் இப்போது 3200 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நாளில் 500 படம் எடுத்து 490ஐ அழிக்கலாம். அந்த அழிப்பதுதான் அவருக்கு ஒப்பவில்லை. 30ஐ அழித்துவிட்டு 31ஐ மட்டும் வைத்துக்கொண்டால் மாட்டுங்காக் கிழவர் கேட்டதை யார் கேட்பார்கள்? கிழவரும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஆகவே தேறாத படங்களையும் அவர் வைத்திருக்கிறார். மகள் வாங்கிக்கொடுத்த ஹார்டு டிஸ்க் மூன்றாவது.

*

பூங்காவில் மழை விட்டும் தூவானம் விடவில்லை. பையன் இன்னும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து ஈரமண்ணில் விரித்து, முழங்கால் பலமாகச் சத்தம் போட, மல்லாக்கச் சாய்ந்தார். இலையைத் திருப்ப முடியாதென்றால் இவர்தான் திரும்பவேண்டும். கேமராவை மேலே பார்த்துப் பிடித்தார். பையன் குடையைக் கேமராவுக்கு மேல் பிடித்தான், தாத்தா நனைந்தார். 3200, ஐம்பதில் ஒரு விநாடி. முதல் படத்தில் காற்று. இரண்டாவதில் லென்ஸ் மேல் துளி. மூன்றாவதும் நாலாவதும் தேவலை. மூடிய இறக்கை, ஆறு கால்களும் இலையைப் பற்றியிருப்பது, நரம்போரம் தேங்கிய ஒரு சொட்டு. பரிசுக்கு ஆகாது. நிறம் மங்கல், பின்னணி சாம்பல் வானம்.

"இது அழகாவே இல்லை" என்றான் பையன், திரையில் பார்த்துவிட்டு.

"இல்லைதான்."

"வெயில் வர்ற வரைக்கும் இருப்போமா?"

இருந்தார்கள். இட்லி தீர்ந்தது. முக்கால் மணி கழித்து மேகம் கிழிந்து, வெயில் புதரின் மேல் பகுதியில் மட்டும் விழுந்தது. மார்மன் இலையின் அடியிலிருந்து விளிம்புக்கு நடந்து மேலே வந்தது. இறக்கை லேசாக நடுங்கியது. விரிந்தது, மூடியது, மறுபடி விரிந்தது. அவர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் எழும்பி, வேலிக்கு அப்பால் தாராவிப் பக்கம் போய்விட்டது. பையனின் மொபைலில் 11 விநாடி வீடியோ. அதில் கடைசி நாலு விநாடி வெறும் இலை, ஆடிக்கொண்டிருந்தது.

சயான் பஸ்ஸில் பையன் அந்த 11 விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அவர் டைரியை மடியில் வைத்து எழுதினார். பஸ் குலுக்கலில் 'தொடாதது' இரண்டு வரிக்குப் பரவியது. வீட்டிலிருந்து போன் வந்தது. வருகிற வழியில் மாட்டுங்காவில் இறங்கி ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கிவரவேண்டுமாம். மாட்டுங்கா வழியே இல்லை, சுற்று. தொட்டியில்தான் இலை இருக்கிறதே என்றார்.

"ஏழு புழு இருக்குங்க. எண்ணிட்டேன்."